பூச்சியம் இலக்க வீடு

அப்துல் மஜீத்துக்குக் கண் இரண்டு இருந்தாலும் தைப்பதற்கு ஒன்றுதான் இருந்தது. சின்ன வயதில் வந்த அம்மை திரும்பிப் போகும்போது வலது கண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் காத்தான்குடியில் முப்பத்தொரு வருடமாகப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்தார். இப்போது அந்தக் கண்ணிலும் பாலாடை மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. காலையில் உலை வைப்பதற்கு முன்பே அவருடைய மனைவி ஸகியா பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து, பழைய துணிப் பொட்டலம் ஒன்றில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவாள். பன்னிரண்டும் தீர்ந்தால் அன்றைய கைத்தையலும் தீர்ந்தது. போன மாதம் ஒரு சட்டையின் பையை முதுகுப் பக்கத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

கண் டொக்டர் ஆகஸ்ட் பதினாலாம் திகதி சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்தார்.

"இதை விட்டா அடுத்த நாள் பதினாலு மாசத்துக்குப் பிறகுதான் மஜீத் நானா. அதுக்குள்ள புரை முத்தினா மறுகா கண்ணுக்குப் பொறுப்புச் சொல்ல ஏலாது. இன்னொரு விசயம், முகவரி உறுதிச் சீட்டு ஒண்டு கொண்டு வரோணும். புளியந்தீவில நினைவகப் பணியகத்தில தருவாங்க. அது இல்லாம தியேட்டருக்குள்ள எடுக்க இப்ப எங்களுக்கு அனுமதி இல்லை."

மாவட்டக் குடிமக்கள் நினைவகப் பணியகம் போன வருடம்தான் திறக்கப்பட்டது. யார் எங்கே இருக்கிறார் என்பதை ஊரெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு சிரமப்படுகிறதே என்று மேலிடத்தில் இரக்கப்பட்டு, அந்த வேலையை ஒரு கணினியிடம் ஒப்படைத்திருந்தார்கள். வாவியைப் பார்த்த பழைய கட்டடம். வாசலில் 'நாங்கள் மறப்பதில்லை' என்று எழுதியிருந்தது. மார்ச் மாதக் கடைசியில் மஜீத் போனபோது அங்கே எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சுலக்ஷன் என்ற எழுதுவினைஞர் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார், தட்டினார், சீட்டு வந்தது. இப்படியும் ஒரு அரசாங்கக் காரியாலயமா என்று மஜீத் சந்தோசப்பட்டு, பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஸகியா சீட்டை வாங்கி வாசித்தாள்.

"பேர், பாஹிம். வயசு ஐம்பத்தேழு. இடது கண், புரை."

பாஹிம் அவர்களுடைய மூத்த மருமகன். வயது இருபத்தொன்பது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பறக்கிறது கொக்கா நாரையா என்று இந்தக் கரையில் நின்று சொல்லக்கூடியவன்.

"மாமா, எனக்குக் கண் வடிவாத் தெரியுமே," என்றான் பாஹிம். அவனுடைய முகத்தில் பயம் இருந்தது. "அங்க போய் நிக்கக்குள்ள, சீட்டில இருக்கிற ஆள் இவர்தான் எண்டு புடிச்சிக் கிடத்திட்டா என்ன செய்யிற?"

"நீங்க கொஞ்ச நாளைக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீங்க மகன்," என்றாள் ஸகியா.

பிழை எங்கே என்பது ஸகியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தக் கிழக்குக் கரையில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து ஏறுவார், உம்மாவும் வாப்பாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு அதே வளவுக்குள் இன்னொரு இடம் பார்ப்பார்கள். மூத்தவள் நுஸ்ராவின் கலியாணத்தோடு இலக்கம் பதினேழு அவளுக்கும் பாஹிமுக்கும் போனது. பின்னால் பதினேழின் கீழ் ஒன்று, 17/1, என்று இன்னொரு வீடு கட்டினார்கள். இளையவள் சஹ்லாவின் கலியாணத்தோடு அதுவும் போனது. இப்போது மஜீத்தும் ஸகியாவும் கிணற்றடி மூலையில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் இருந்தார்கள். ஊருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே "மஜீத் காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிக் கிணற்றடியைப் பார்த்துக் கூப்பிடுவார். பணியகத்துக் கணினி ஆளை ஞாபகம் வைக்கவில்லை. பதினேழு என்ற இலக்கத்தைத்தான் ஞாபகம் வைத்திருந்தது. பதினேழுக்குப் போய்ப் பார்த்தது. அங்கே பாஹிம் இருந்தான். அவனுக்குப் புரை என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் மஜீத் சீட்டைத் திருத்தப் போனார். சுலக்ஷன் நல்ல மனிதர். பதினேழிலிருந்து மஜீத்தை உடனே நீக்கினார்.

"இப்ப எங்க இருக்கிறீங்க நானா?"

"கிணத்தடியில."

"கிணத்தடிக்கு இலக்கம்?"

"இலக்கம் போடல்ல மகன். தகரம் போட்டு ரெண்டு வருசம்தான்."

சுலக்ஷன் யோசித்தார். இலக்கப் பெட்டியை வெறுமையாக விடக் கணினி சம்மதிக்கவில்லை. அதனால் அதில் ஒரு பூச்சியம் போட்டார். போட்டுவிட்டு, "இனிச் சரி," என்று சீட்டுக்காகத் தட்டினார். திரை ஒருமுறை துடித்து நின்றது. அணுகக் கூடாத நினைவக இடத்தை அணுகியதாக ஒரு வரி வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. பக்கத்து மேசையில் பிறப்புப் பதிவு செய்துகொண்டிருந்தவரின் திரையும் போனது. அதற்குப் பக்கத்து மேசையும் போனது.

"சிஸ்டம் டவுன்," என்றார் சுலக்ஷன். விறாந்தையில் நின்ற சனம் பெருமூச்சு விட்டது.

மஜீத்துக்கு ஒரு கதிரை கொடுத்தார்கள். கதிரை கொடுப்பது பணியகத்தின் கொள்கை. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை ஒதுக்கி, முதுகில் அவருடைய பெயரை ஒட்டி, அலுவல் முடியும்வரை வேறு யாரும் அதில் இருக்கக் கூடாது என்று சுற்றுநிருபம் இருந்தது. அலுவல் முடிந்தால் கதிரையைத் திருப்பி எடுப்பது யாருடைய பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆகவே விறாந்தை முழுக்கப் பெயர் ஒட்டிய வெறும் கதிரைகள் நின்றன. களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்தவர்கள், ஏறாவூரிலிருந்து வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்த வெறும் கதிரைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கதிரையின் சொந்தக்காரர் மௌத்தாகி அடக்கம் செய்து ஏழு மாதமாகிறது என்று ஒருவர் சொன்னார். அந்தக் கதிரையைக் காவலாளி தினமும் துடைத்தார்.

ஏப்ரல் நடுப்பகுதிக்குள் மஜீத் பதினொரு தடவை போனார். பதினொரு தடவையும் கணினி விழுந்தது. பணியகம் உடனே வீழ்ச்சி விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. குழு மூன்று நாள் கூடி, வீழ்ச்சிக்குக் காரணத்தைக் கண்டுபிடித்து, காரணத்துக்குக் கடிதம் போட்டு வரவழைத்தது. காரணம் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, ஸகியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பணிப்பாளரின் அறைக்குள் வந்தது.

பணிப்பாளர் றோய், நினைவகம் பற்றி மூன்று நாட்டில் செயலமர்வு செய்தவர். சுவரில் மூன்று சான்றிதழும் தொங்கின.

"மஜீத் நானா, உங்களில் எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை," என்றார். "நாங்கள் விஞ்ஞான முறைப்படி பார்க்கிறோம். பதினொரு வீழ்ச்சி. பதினொன்றிலும் கேட்கப்பட்ட பெயர் உங்களுடையது. நீங்கள் வராத நாட்களில் வீழ்ச்சி குறைவு. சரி, நீங்கள் ஏன் பதினேழாம் இலக்கத்தை விட்டுப் போனீர்கள்?"

"மகளுக்குக் கலியாணம் சேர்."

"கலியாணம் மகளுக்கு. போனது நீங்கள். தொடர்பு விளங்கவில்லையே."

"வீடு அவக்குத்தானே சேர். எங்கட வழக்கம் அப்பிடி. ஒங்கட பக்கத்திலயும் அப்பிடித்தானே குடுக்கிற?"

பணிப்பாளர் மேசையிலிருந்த கோப்பை நேராக்கினார். அவர் நாவற்குடாவில் மனைவியின் வீட்டில் இருந்தார். மாமியார் பின்னறைக்கு மாறி எட்டு வருடம் என்பது விறாந்தையில் நின்ற சனத்துக்கும் தெரியும்.

"அது தனிப்பட்ட விடயம்," என்றார். "இது நிர்வாக விடயம். ஒருவர் ஓர் இலக்கத்தை விட்டு எழும்பினால், அந்த இலக்கத்தைக் கையில் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவர் அறிவித்திருக்க வேண்டும்."

"யார் யார்ட கையில இருக்கெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஸகியா கேட்டாள்.

"அது எங்களுக்கும் தெரியாது," என்றார் பணிப்பாளர், பெருமையோடு. "அவ்வளவு விரிவாக விநியோகித்திருக்கிறோம்."

அடுத்த வாரம் சுற்றுநிருபம் வந்தது. மகளின் திருமணத்துக்குப் பிறகும் பெற்றோர் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் பழைய இலக்கத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஸகியா அதை வாசித்துவிட்டு, "அப்ப மருமகன்மார் எங்க படுப்பாங்க? பணிப்பாளர்ட மாமியாரோட பின்னறையிலயா?" என்றாள்.

அந்தப் பணியகத்தில் கணினியைப் பற்றித் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். பெயர் டினோஷா. அவளைக் கழிவறைக்குப் பக்கத்து அறையில், ஓடாத மின்விசிறியின் கீழ் இருத்தியிருந்தார்கள். ஒருநாள் மஜீத் சுவரைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தபோது அவள் கையைப் பிடித்துத் தன்னுடைய கதிரையில் இருக்க வைத்தாள். அது பெயர் ஒட்டாத கதிரை.

"அங்கிள், நீங்க ஒரு பிழையும் செய்யல்ல," என்றாள். "கொம்பியூட்டர்ட நினைவகம் நீட்டா ஒரு தெரு மாதிரி. வீடு வீடா, இலக்கம் இலக்கமா இருக்கும். புரோகிராமுக்கு ஆளைத் தெரியாது. ஆள்ட பேப்பர் எந்த இலக்கத்தில கிடக்கு எண்டுதான் குறிச்சு வைச்சிருக்கும். ஆள் எழும்பிப் போனாலும் அந்தக் குறிப்பைக் கிழிக்காது. பழைய குறிப்பை வைச்சுக்கொண்டே போய்க் கதவைத் தட்டும்."

"அங்க வேற ஆள் இருந்தா?"

"அந்த ஆளை நீங்க எண்டு நம்பிரும். பாஹிமுக்குப் புரை வந்தது அப்பிடித்தான்."

"பூச்சியம் போட்டாரே அந்தத் தம்பி."

"பூச்சியம் எண்டா இடமே இல்லை எண்டு அர்த்தம் அங்கிள். ஆனா அதையும் வீட்டு இலக்கம் எண்டு நினைச்சுக்கொண்டு இந்தப் புரோகிராம் புறப்பட்டுப் போகும். அங்க போகக் கூடாதெண்டு மெஷின்ல ஒரு காவல் இருக்கு. அது புடிச்சு நிப்பாட்டிரும். அதைத்தான் இவங்க விழுந்திட்டு எண்டு சொல்றாங்க. இந்தக் கதிரை விசயத்தையும் அது செய்யுது. ஒவ்வொரு அலுவலுக்கும் ஒரு இடம் எடுக்கும், திருப்பிக் குடுக்காது. பின்னேரம் ரெண்டரைக்கு இடம் முடிஞ்சு தானா நிண்டிரும்."

மஜீத் இதை மனதுக்குள் ஒருமுறை மடித்துப் பார்த்தார். அளவெடுக்காமல் துணி வெட்டுகிற கதையாக அவருக்குத் தோன்றியது.

"போறதுக்கு முந்தி ஆள் இருக்கிறாரா எண்டு கேட்டுட்டுப் போனா என்ன மகள்?"

டினோஷா அவரையே பார்த்தாள். "அதேதான் அங்கிள். ஒரே ஒரு வரி. எழுதி வைச்சிருக்கிறன். போடுறதுக்கு அனுமதி கேட்டு மூண்டு மாசம்."

"விழுந்தாத்தானே கரைச்சல்?"

"விழுறது நல்லது. எங்கயோ பிழை எண்டு அது சொல்லுது. விழாமப் பிழையா ஓடுறதுதான் எனக்குப் பயம். முதல் நாள் சீட்டு எவ்வளவு சுகமா வந்தது பாத்தீங்களா?"

டினோஷாவின் அறிக்கையைப் பணிப்பாளர் வாசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 'பூச்சியம் என்றால் இடம் இல்லை' என்ற வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, 'இடம் இல்லையென்றால் இடம் கொடுக்கவும்' என்று ஓரத்தில் எழுதினார். பணியகத்துக்குப் பின்னால், வாவிக்கரையில், பழைய சைக்கிள்கள் போடும் கொட்டில் ஒன்று இருந்தது. அதைத் துப்புரவாக்கி, வெள்ளையடித்து, கதவின் மேல் 'இலக்கம் 0' என்று பலகை அடித்தார்கள். ஏப்ரல் முப்பதாம் திகதி நான்கு மதத்துப் பெரியவர்களும் வந்து ஆசீர்வதிக்க, பணிப்பாளர் நாடா வெட்டினார்.

"இனி எங்கள் கணினி தேடிப் போகும் இடத்தில் வெறுமை இருக்காது," என்று பேசினார். "இலங்கையில் பூச்சியம் என்ற இலக்கத்துக்கு நிரந்தரக் கட்டடம் அமைத்த முதலாவது மாவட்டம் நாங்கள்தான். வேறு மாவட்டங்கள் எங்களைப் பின்பற்றும் என்பதில் எனக்கு ஐயமில்லை."

மஜீத்தைக் கொட்டிலுக்குள் இருத்தினார்கள். கணினி தேடி வரும்போது ஆள் உள்ளே இருக்க வேண்டும் அல்லவா? நல்ல காற்று. அவருக்குத் தெரியாத தூரத்தில் யாரோ தோணியில் வலை இழுக்கும் சத்தம் கேட்டது. பத்தே முக்காலுக்குக் கணினி விழுந்தது. பின்னேரம் குழு வந்து விசாரித்தது.

"முழு நேரமும் உள்ளேதான் இருந்தீர்களா?"

"ஓம் சேர்."

"நடுவில் எழும்பவே இல்லையா?"

"ளுஹர் தொழ எழும்பினன்."

"அதுதான்," என்று பணிப்பாளர் குழுவைப் பார்த்தார். குழு எழுதிக்கொண்டது. ளுஹர் தொழுகை பன்னிரண்டேகாலுக்குப் பிறகுதான் என்று யாரும் எழுதவில்லை.

மே நாலாம் திகதி புளியந்தீவில் நாள் முழுக்க மின்சாரம் இல்லை. மாலையில் வீழ்ச்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த பணிப்பாளர், அன்றைய பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டார். ஒரு வீழ்ச்சிகூட இல்லை. அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார் என்று சுலக்ஷன் பிறகு சொன்னார். அடுத்த நாள் மின்சாரம் வந்தது. கணினியைப் போட வேண்டாம் என்று உத்தரவும் வந்தது.

அன்றிலிருந்து வாசலில் ஒரு பலகை நின்றது. 'கணினி விழாத நாட்கள்: 1'. அடுத்த நாள் 2. ஊழியர்கள் காலையில் வந்து கையெழுத்திட்டு, கணினிகளின் தூசியைத் தட்டி, பூப்போட்ட துணியால் மூடிவிட்டு, முன்னால் இருந்தார்கள். சீட்டுக் கேட்டு வருபவர்களிடம், "சிஸ்டம் இப்ப நல்ல நிலையில இருக்கு. தயவுசெய்து குழப்ப வேணாம்," என்றார்கள். முதல் மாதம் முடிந்தபோது கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

மஜீத் வாரத்துக்கு ஒருநாள் போய்த் தன்னுடைய கதிரையில் இருந்துவிட்டு வந்தார். ஜூன் மாதத்தில் ஸகியா கோத்து வைக்கும் ஊசிகளில் ஆறு மிஞ்சத் தொடங்கியது. ஊசியின் நுனி துணியில் எங்கே இறங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜூலையில் சட்டையின் வெள்ளையும் பகலின் வெள்ளையும் ஒன்றாகிவிட்டன. பொத்தானைத் தடவித் தடவித் தைத்தார். பிறகு கடையைப் பாதி நாள் பூட்டினார். பிறகு முழு நாளும். யாராவது வளவுக்குள் வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, அவர்கள் பேசும்வரை காத்திருந்து, குரலுக்குச் சிரித்தார்.

"சீட்டு வராட்டி என்ன செய்யிற?" என்று ஒருநாள் ஸகியா கேட்டாள்.

"பதினாலு மாசம் இருக்கிறதான்."

"அதுக்குள்ள முழுசாப் போயிரும் எண்டாரே டொக்டர்."

ஸகியா அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று கறிக்கு உப்புப் போட அவள் மறந்திருந்தாள். அவர் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்.

நூறு நாள் முடிந்து அடுத்த நாள், ஆகஸ்ட் பதின்மூன்றாம் திகதி, பணியகத்தில் விழா. மஜீத்துக்கும் அழைப்பு வந்தது. அது பதினேழாம் இலக்கத்துக்குப் போய், பாஹிம் கொண்டுவந்து கொடுத்தான். மண்டபத்தில் வாழை கட்டியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினர். மங்கள விளக்கேற்றிய பிறகு பணிப்பாளர் பேசினார்.

"நூறு நாள். ஒரு வீழ்ச்சி இல்லை. இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று வெளிமாவட்டத்தார் கேட்கிறார்கள். கணினி ஏன் விழுகிறது? அதை வேலை செய்யச் சொல்வதால். ஞாபகத்தில் ஏன் பிழை வருகிறது? அதைக் கேட்பதால். எங்களுடைய நினைவகத்தில் இன்று ஒரு பிழையும் இல்லை, ஏனென்றால் அதை ஒருவரும் பார்க்கவில்லை. விழாத பிழை பிழையல்ல என்பது என் தாழ்மையான கருத்து. எங்கள் வரலாற்றில் பன்னிரண்டு வீழ்ச்சிக்குக் காரணமாக இருந்த சகோதரர் ஒருவரும் இந்தச் சபையில் இருக்கிறார். நாங்கள் அவரை மன்னித்துவிட்டோம். அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த விரும்புகிறேன்."

ஸகியா மஜீத்தைப் படியேற்றிவிட்டாள். தோளில் ஏதோ மினுமினுத்த துணி விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தார். விளிம்பு மடித்துத் தைத்திருக்கவில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியை வாய்க்கு முன்னால் பிடித்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குப் பேசத் தெரியாது. நாளைக்குக் காலம ஒப்பரேசன். அந்தச் சீட்டத் தந்தீங்கண்டா பெரிய உபகாரம்."

மண்டபம் கைதட்டியது. பணிப்பாளரும் தட்டினார். பிரதம விருந்தினர் தட்டவில்லை. அவருக்குக் கணினி துணியால் மூடியிருக்கும் விடயம் தெரியாது. அவர் முன்னால் குனிந்து, நல்ல மனதோடு, "அதை இங்கேயே, இப்பவே கொடுங்களேன். நூறு நாள் விழாத சிஸ்டத்தை நானும் ஒருக்கா பார்க்கிறேன்," என்றார்.

பணிப்பாளர் சுலக்ஷனைப் பார்த்தார். சுலக்ஷன் கூரையைப் பார்த்தார். பேப்பர்க்காரர் ஒருவர் கமராவோடு மேடைக்கருகே வந்து நின்றார். பின்வரிசையிலிருந்து டினோஷா எழும்பி வந்து, ஒரு மேசையின் பூப்போட்ட துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கணினியின் மின் ஆளியைப் போட்டாள்.

கணினி எழும்ப மூன்று நிமிடம் எடுத்தது. பணிப்பாளர் அந்த மூன்று நிமிடமும் சிரித்துக்கொண்டே இருந்தார். டினோஷா முதலில் ஒரே ஒரு வரி தட்டினாள்; பிறகு மஜீத்தின் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினாள். திரை துடிக்கவில்லை. பணியகத்தில் யாரும் முன்பு கண்டிராத ஒரு வரி அதில் வந்தது. பிரதம விருந்தினர் அதை உரக்க வாசித்தார்.

"இந்த இலக்கத்தில் ஆள் இல்லை. ஆள் எங்கே?"

பணிப்பாளர் தாழ்ந்த குரலில், இதற்குப் பதில் தயாரிக்க ஒரு குழு அமைக்கலாம் என்றார்.

"இஞ்சதான் நிக்கிறன்," என்றார் மஜீத். ஒலிவாங்கி இன்னும் அவருடைய வாய்க்கு முன்னால்தான் இருந்தது.

"எங்க இருக்கிறீங்க அங்கிள்?"

"பதினேழின் கீழ் ரெண்டு எண்டு போடுங்க மகள்," என்று கீழேயிருந்து ஸகியா சொன்னாள். "கிணத்தடி எண்டும் போடுங்க."

டினோஷா தட்டினாள். அச்சுப்பொறி நூறு நாள் தூக்கத்திலிருந்து கரகரத்து எழும்பி ஒரு சீட்டைத் தள்ளியது. அப்துல் மஜீத், ஐம்பத்தேழு, இடது கண், பதினேழின் கீழ் இரண்டு, கிணற்றடி. இனிப் பணிப்பாளரின் கையொப்பம் வேண்டும். அவர் சீட்டை எடுத்து, எந்த விதியின் கீழ் கிணற்றடி என்று தேடத் தொடங்கினார். அதற்குள் பேப்பர்க்காரர் கமராவைத் தூக்கிவிட்டார். கமராவைக் கண்டால் பணிப்பாளரின் கை தானாகப் பேனையை எடுக்கும். முகம் முன்னால் பார்த்துச் சிரிக்க, கை கீழே கையெழுத்துப் போட்டது. மை காயும் முன்னர் ஸகியா சீட்டை வாங்கிச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே டினோஷாவுக்கு விளக்கம் கோரிக் கடிதம் கொடுத்தார்கள். குற்றம், அனுமதியின்றிக் கணினியைக் கேள்வி கேட்க வைத்தமை. அந்த ஒரு வரியை நீக்கும்படியும் உத்தரவு. திரையில் கேள்வி எதுவும் வராமல், ஆள் இல்லாவிட்டால் அந்த இலக்கத்தில் முன்பு இருந்தவரையோ இப்போது இருப்பவரையோ அமைதியாகக் காட்டும்படி மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கணினி விழவேயில்லை. நாள் முழுக்கப் போட்டு வைத்தார்கள். பேப்பர்க்காரர் படத்துக்குக் கேட்ட பெயர் விபரத்தையும் அதுதான் கொடுத்தது.

பதினாலாம் திகதி காலையில் மஜீத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்த நாள் டொக்டர் கட்டை அவிழ்த்தார். முதலில் வெளிச்சம் மட்டும் இருந்தது. பிறகு அந்த வெளிச்சத்துக்குள் யன்னல் கம்பி வந்தது, டொக்டரின் கழுத்தில் தொங்கிய குழாய் வந்தது, கதவருகே நின்ற ஸகியாவின் முகம் வந்தது. அவள் ஜூன் மாதத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள்.

"எவ்வளவு தெரியுது எண்டு பாப்பம்," என்று டொக்டர், தாதியின் மேசையில் கிடந்த பத்திரிகையை மடித்து அவருக்கு முன்னால் பிடித்தார். "இதை வாசியுங்க நானா. படத்துக்குக் கீழ இருக்கிற சின்ன எழுத்து."

படத்தில் பணிப்பாளர் சிரித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடும் பொன்னாடையோடும் ஒரு மனிதர், வேறு எங்கோ பார்த்தபடி நின்றார். மஜீத் எழுத்துக் கூட்டாமல், நிறுத்தாமல் வாசித்தார்.

"நூறு நாள் வெற்றிவிழாவில் பணிப்பாளரிடமிருந்து முகவரி உறுதிச் சீட்டைப் பெற்றுக்கொள்கிறார், பதினேழாம் இலக்கத்தில் வசிக்கும் பாஹிம், வயது ஐம்பத்தேழு."

டொக்டர் பத்திரிகையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"மங்கலா ஏதும் இருக்கா? பிழையாத் தெரியுதா?"

"இல்லை டொக்டர்," என்றார் மஜீத். "எழுத்தெல்லாம் வடிவாத் தெரியுது."